பரீட்சைக்கு வராத கணக்கு

தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே உன் முதலாமாண்டு நினைவஞ்சலிப் பதாகையைக் கட்டியிருக்கிறார்கள். மேலகரம் பேருந்துக்காகக் காய்கறிப் பையோடு நின்ற நான், வேறு பக்கம் திரும்ப வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நிறத்தை உனக்கே அடையாளம் தெரியாதபடி வெளுக்க வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே ‘கணிதத் தாயே’ என்று கொட்டை எழுத்து. பின்னணியில் குற்றாலத்து மெயின் அருவி. அருவியின் மேல் பெரிதாக ஒரு தொகையிடல் குறி, அதன் பக்கத்தில் f(x). அவ்வளவுதான். dx இல்லை.

எதைக் குறித்துத் தொகையிட வேண்டும் என்பதையே சொல்லாத ஒரு கணக்கு. வினைச்சொல் இல்லாத வாக்கியம் மாதிரி அந்தரத்தில் தொங்குகிறது. இதை வரைந்த பிள்ளை உன்னிடம்தான் படித்திருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பக்கத்தில் நின்ற எங்கள் பள்ளித் தமிழாசிரியை, “குடுத்து வச்சவங்க டீச்சர், செத்த பெறவும் பிள்ளைக மறக்கல பாத்தியளா” என்றார்கள்.

“டிஎக்ஸ் இல்ல” என்றேன்.

“என்ன டீச்சர்?”

“ஒண்ணுமில்ல. பஸ் வருது.”

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாதாம். உயிரோடு இருக்கும்போது உன் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் இப்போதும் சொல்லப் போகிறேன். ஆகவே எனக்கு அந்தப் பாவம் வராது.

உன் தாய்மாமா குற்றாலத்தில் குத்தகைக்கு எடுத்து நடத்திய லாட்ஜ் நினைவிருக்கிறதா? ஊருக்குச் சீசன் ஆனியிலும் ஆடியிலும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குச் சீசன் மாசியிலும் பங்குனியிலும். நாம் படித்த மாதங்களில் அருவியில் கையைக் கழுவும் அளவுக்குக்கூடத் தண்ணீர் விழாது. கடைகளெல்லாம் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். லாட்ஜில் அறைகள் எல்லாம் காலி. மாடியில் கடைசி அறையை மாமா நமக்குத் திறந்துவிடுவார். பாய்கூட விரிக்காமல் சிவப்புத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போடுவோம். தரை நிறைந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, காயும்வரை சன்னலில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். தரை போதாத நாட்களில் நீ கட்டில் காலிலும் எழுதினாய்.

“ஏ பிள்ளைகளா, கட்டுலு பூரா எக்ஸு ஒய்யின்னு எழுதி வச்சிருக்கிய. சீசனுக்கு வாறவன் என்னமும் செய்வினைன்னு நெனைச்சு ஓடிறப் போறான்” என்று மாமா கத்துவார்.

எனக்கு அப்போது கணக்கு என்றால் சூத்திரம். எந்தச் சூத்திரத்தை எங்கே போட வேண்டும் என்று தேடுவதுதான் வேலை. ஒரு நாள், கொடுத்த சுற்றளவுக்குள் மிகப் பெரிய பரப்பு கொண்ட செவ்வகம் எது என்ற கணக்கில் முட்டிக்கொண்டு நின்றேன். வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் விடை வருகிறது. ஏன் வருகிறது என்று புரியவில்லை. நீ என் சாக்பீஸைப் பிடுங்கி எறிந்தாய். மொட்டைமாடிக்குப் போய், படுக்கைவிரிப்புகள் காயும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாய்.

“இந்தா, ரெண்டு கையிலயும் ரெண்டு மூலையப் பிடி. மிச்சம் ரெண்டும் எங்கிட்ட. இப்பம் பின்னால போ.”

போனேன். கயிறு நீளமாக, ஒல்லியாக நின்றது.

“உள்ள எடம் இருக்கா?”

“இல்ல.”

“இப்பம் கைய அகட்டிக்கிட்டே எம்பக்கம் வா. வா, வா. கயிறு அதே கயிறுதான? கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. உள்ள உள்ள எடம் மட்டும் கூடிக்கிட்டே வருது பாத்தியா? இன்னும் வந்தா மறுபடியும் சப்பையாப் போயிரும். ரெண்டு பக்கமும் சப்பைன்னா நடுவுல எங்கனயோ ஒரு எடத்துல நெறைய இருந்துதான ஆவணும்?”

நாம் இரண்டு பேரும் நின்ற இடத்தில் கயிறு சதுரமாக இருந்தது. உள்ளே வெயில் விழுந்து தரை மினுங்கியது. அதன்பிறகு நீ கயிற்றைச் சுவரோரமாகக் கொண்டுபோய், “செவரு ஒரு பக்கத்தச் சும்மா குடுக்குன்னு வையி. அப்பவும் சதுரமாத்தான் இருக்குமா?” என்று கேட்டாய். இருக்காது என்று நானே கண்டுபிடிக்கும்வரை சொல்லவில்லை. சுவரோரத்து நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வந்தபோது நான் கத்திய கத்தலில் மாமா மேலே ஓடி வந்தார்.

“மொதல்ல கண்ணால பாருட்டி. அதுக்கப்பறம் வகையிடு” என்றாய். பதினேழு வயது உனக்கு. கல்லூரியில் பாடம் நடத்திய யாரும் எனக்கு அதைவிட மேலானதைச் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் உன்னைப் புகழ்வதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன் குற்றத்தின் அளவைச் சொல்ல இது வேண்டியிருக்கிறது. தெரியாதவள் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். உனக்குத் தெரியும்.

பி.எட். முடித்து நான் அரசுப் பெண்கள் பள்ளிக்குப் போனேன். நீ தேர்ச்சி விகிதத்துக்குப் பேர்போன தனியார் பள்ளியில் சேர்ந்தாய். சில வருடங்களிலேயே செல்போன் கடைக்கு மேல்மாடியில் உன் டியூஷன் தொடங்கியது. அதன்பிறகு ஊரில் யாரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, மேடம் ஆகிவிட்டாய். என் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அழைக்க ஒரு மாலை அங்கே ஏறி வந்தேன். படிக்கட்டிலேயே சத்தம் கேட்டது, கோயிலில் கூட்டு வழிபாடு நடப்பது மாதிரி.

“ரெண்டாவது சாப்டர், கேள்வி பன்னெண்டு!”

“பி!”

“பதிமூணு!”

“டி!”

நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். ஒருத்தர் கையிலும் பேனா இல்லை. நீ மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய்.

“என்னட்டி இது?” என்று கேட்டேன்.

“ஒரு மார்க்கு கேள்வி.”

“கேள்விய யாரும் வாசிக்கவே இல்லியேட்டி.”

“எதுக்கு வாசிக்கணும்? புக்குக்குப் பின்னால உள்ளதுதான் வரும். நம்பரச் சொன்னா எழுத்தச் சொல்லணும். அது போதும்.”

“விடைய இடம் மாத்திப் போட்டான்னா?”

“மாத்த மாட்டாவ.”

ஐந்து மதிப்பெண் கணக்குகளையும் அப்படித்தான் நடத்தினாய். எந்த இயலை விட்டுவிடலாம் என்று சொன்னாய். எதை எழுதி எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சொன்னாய். வளைவரையின் படத்தைக்கூட ஒரு சித்திரம் மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தாய். எந்தப் புள்ளியில் அது அச்சை வெட்டுகிறது என்று கேட்டால் உன் பிள்ளைகள் முழிப்பார்கள். வரையச் சொன்னால் அச்சு அசலாக வரைவார்கள். கிளிக்குக்கூடச் சீட்டு எடுக்கத்தான் பழக்கம், சீட்டில் உள்ளதை வாசிக்க அல்ல. உன் மாடியில் நீ வளர்த்தது அதுதான்.

அன்றைக்குப் படியிறங்கும்போது நீ சொன்னாய்: “பரீட்சைக்குக் கணக்கு வேண்டாம்ட்டி. கையெழுத்து போதும். நீ கவருமெண்டுல ஒக்காந்துகிட்டு படம் வரஞ்சிட்டுக் கெட. எனக்கு ரிசல்ட் வேணும்.”

பால்காய்ப்புக்கு நீ வந்தாய். நானும் விழுந்து விழுந்து கவனித்தேன். ஆனால் அந்தப் படிக்கட்டிலேயே உன்மேல் வைத்திருந்த மதிப்பை விட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

அதற்கு அடுத்த வருடங்களில் ஒன்றில்தான் ரிஸ்வானா எங்கள் பள்ளிக்கு வந்தாள். கடையநல்லூர்ப் பிள்ளை, வாப்பா சவூதியில். பதினொன்றாம் வகுப்பை உன் பள்ளியிலும் உன் டியூஷனிலும் முடித்தவளைக் கையில் டிசியைக் கொடுத்து அனுப்பியிருந்தீர்கள். அவளுடைய அம்மா என் முன்னால் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“எம்பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு மேடம் சொல்லிட்டாவ டீச்சர். வேற குரூப்பு பாருங்க, இங்கன வச்சா ரிசல்ட் கெட்டுரும்னு சொல்லுதாவ.”

“கணக்கு வராதாட்டி ஒனக்கு?” என்று அவளைக் கேட்டேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஏன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்னு மேடத்துக்குக் கோவம் டீச்சர். என்னால கிளாஸு நிக்குதாம்.”

ஏன் என்று கேட்டதற்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்பியிருக்கிறாய். கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தவள் நீ.

ரிஸ்வானா மெதுவானவள், அது உண்மைதான். மற்றவர்கள் மூன்று கணக்குப் போடும் நேரத்தில் ஒன்றுதான் போடுவாள். தப்பாகப் போட்டதை அழிக்க மாட்டாள். ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே திரும்பத் தொடங்குவாள். “எங்க தப்புச்சுன்னு பெறவு பாக்கணும்லா டீச்சர்” என்பாள். பள்ளி விட்ட பிறகு அவளும் நானும் கரும்பலகையில் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமைகளிலும் வந்தாள். உன்னிடம் கற்ற கயிற்றை அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து விளையாடினோம். சுவரோரத்துக்கும் கொண்டுபோனோம். யாரிடம் கற்றேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அந்த வருடக் கணக்குத் தாளில் கேள்விகளைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஒரு மதிப்பெண் விடைகளையும் இடம் மாற்றியிருந்தார்கள். மாத்த மாட்டாவ என்றாயே. தேர்வு மையத்தின் வாசலில் உன் பிள்ளைகள் குமுறிக் குமுறி அழுதார்கள். அப்பாமார்கள் பைக்கை நிறுத்திவிட்டு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். சாயங்காலம் உள்ளூர்க் கேபிள் சேனலில் நீ வந்தாய். பட்டுச் சேலை கட்டியிருந்தாய். வேலிக் கணக்கு பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கேட்கப்பட்டுள்ளது, ஆகவே அதை எழுத முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்க வேண்டும் என்று மைக்கைப் பார்த்துச் சொன்னாய்.

அந்தக் கணக்கு என்ன? வாய்க்கால் ஓரத்தில் ஒருவருக்கு நிலம். வாய்க்கால் பக்கம் வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கங்களுக்குக் கம்பி இருக்கிறது. மிகப் பெரிய பரப்பை எப்படி அடைப்பது? உன் பிள்ளைகள் அத்தனை பேரும் சதுரம் என்று எழுதியிருந்தார்கள், அதைத்தானே மனப்பாடம் செய்திருந்தார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியிலாம். லாட்ஜ் சுவருக்கு வெளியிலா அது?

உடனே உனக்குப் போன் போட்டேன்.

“டிவியில பாத்தேன்” என்றேன்.

நீ உன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தாய்.

“அந்தக் கணக்கு ஒனக்குத் தெரியாதாட்டி?”

“தெரியும்.”

“பெறவு?”

“தெரிஞ்சுதாம்ட்டி சொன்னேன். ரோட்டுல நிக்க அப்பாமாருக்கு நான் வேற என்னத்தச் சொல்ல? ஒங்க பிள்ளைகளுக்கு ரெண்டு வருசமா நான் கணக்கே சொல்லிக் குடுக்கலன்னா?”

“ஆமா. அதச் சொல்லணும்.”

“வையி போன” என்றாய். நான்தான் வைத்தேன்.

ரிஸ்வானா அந்தக் கணக்கைச் சரியாக எழுதியிருந்தாள். அவள் மார்க் உன் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளையுடையதைவிடக் கூடுதல். தேர்வு முடிவு வந்த இரண்டாம் நாள் அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார். உன் டியூஷன் வாசலில் கட்டிய பதாகையில், எங்கள் சாதனை மாணவிகள் என்று போட்டு, ரிஸ்வானாவின் படமும் இருக்கிறதாம்.

இரண்டு பேரும் போனோம். செல்போன் கடைக்கு முன்னால் நீயே நின்றிருந்தாய், யாரோ ஒரு அப்பாவிடம் அடுத்த வருடச் சேர்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டு.

“பதினொண்ணாங்கிளாஸு எங்கிட்டதான படிச்சா?” என்றாய், என்னைப் பார்க்காமல்.

ரிஸ்வானாவின் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “எம்பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு சொன்ன வாயி மேடம் இது. அதே வாயால எம்பிள்ளை பேரச் சொல்லாதிய” என்றார். அடுத்த கடையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவரிடம் கத்தியை வாங்கினார். பதாகைக்குக் கீழே கிடந்த ஸ்டூலில் ஏறினார். மகள் முகத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அறுத்து எடுத்து, சுருட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. நீயும் தடுக்கவில்லை. சேர்க்கைக்கு வந்த அப்பா மட்டும் அந்த ஓட்டையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பதாகையை மாற்றக்கூட உனக்கு மனசில்லை. அந்த வருட மழை தொடங்கும்வரை அது அப்படியே தொங்கியது. ஓட்டையும் சதுரமாக இல்லை. பேருந்தில் போகும்போதெல்லாம் அதன் வழியாக உள்ளே தெரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அதன்பிறகு நாம் பேசவில்லை. உனக்கு உடம்புக்கு முடியவில்லை, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். பார்க்க வந்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, அப்போதும் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். “ஏழாவது சாப்டர்ல கடைசி ரெண்டு பயிற்சிய விட்டுருங்க. வராது.” கை வீங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அதோடு கோபமும் வந்தது. சாகக் கிடக்கும்போதும் எதை விட வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாய். பிறகு, “ஏட்டி, மாமா லாட்ஜுல கயிறு கெட்டி வெளாண்டமே, நெனப்பிருக்கா?” என்றாய்.

“நெனப்பில்லாம? கேள்வித்தாள்லயே வந்துச்சே” என்றேன்.

நீ சிரித்தாய். இருமல் வந்து தண்ணீர் குடிக்கும்வரை சிரித்தாய். உன் தங்கச்சி உள்ளேயிருந்து ஓடி வந்து என்னை முறைத்தாள். அந்தச் சிரிப்பில் வெட்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்ததாக வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் ஆசைப்படுகிற விடையை எழுதிவிட்டு வழிமுறையை அதற்கு ஏற்றபடி வளைப்பது உன் பிள்ளைகளின் பழக்கம், என்னுடையது அல்ல.

சாவு வீட்டில் தெரு முழுக்கக் கூட்டம். மாலையோடு நின்றவர்களில் போலீஸ் சீருடையில் ஒரு பையன் சத்தமாக அழுதுகொண்டிருந்தான். கீழப்பாவூர்க்காரன். நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினான். “மேடம் இல்லன்னா நான் பன்னெண்டாவது தாண்டியிருக்க மாட்டேன் டீச்சர். எங்கப்பா என்னைய ஆடு மேய்க்க விட்டுருப்பாவ.”

“கணக்குல என்னமும் நெனப்பிருக்கா?” என்று கேட்டேன். அந்த இடத்தில் கேட்கக் கூடாதுதான்.

“ஒண்ணுமே தெரியாது டீச்சர்” என்றான், கொஞ்சமும் கூச்சப்படாமல். “எழுதுனேன், பாசானேன்.”

அவனை நான் என்ன சொல்ல முடியும்? அவனுக்கு நீ செய்தது உதவிதான். உன் தரப்பில் எழுத எனக்குக் கிடைத்த ஒரே வரி அது, எழுதிவிட்டேன். ஆனால் அவனைப் போல ஒருவனைக் கரையேற்றியதற்காக, கரையிலேயே பிறந்தவர்களையும் நீச்சல் தெரிந்தவர்களையும் சேர்த்துப் பரிசலில் ஏற்றி, காலை நனைக்காமல் கொண்டுபோய் இறக்கிவிட்டாயே. ரிஸ்வானாவைத் தண்ணீரில் பிடித்துத் தள்ளினாயே. அவள் இப்போது திருநெல்வேலியில் கணிதம் முதுகலை படிக்கிறாள். உன் சாவுக்கு வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை.

இந்த வருடமும் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புதான். பயிற்சிக் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்.

“டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?”

யார் கேட்டாலும் எனக்கு உன் குரல்தான் கேட்கிறது. வெறுப்பு ஏறுகிறது. இத்தனை வருடங்களில் அது கொஞ்சமும் தேயவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றுதான் செய்கிறேன். எந்தக் கணக்கானாலும், நிச்சயம் வரும் என்று எனக்கே தெரிந்த கணக்கானாலும், ஒரே பதில் சொல்கிறேன்.

“வராது.”

சிலர் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சன்னல் வழியாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். சிலர் வைப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்து போடுகிறார்கள். மேசை மேசையாக நடந்து அந்த இரண்டாம் வகைப் பிள்ளைகளைத் தேடுவதுதான் இப்போது என் வேலை.

பதினேழு வயதில் நீ பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டாய். அதனால்தான் உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.